சிரிக்கிற மூஞ்சி

என் வீட்டுக்காரர் கன்னியப்பன் பொய்யே சொல்லாத மனுஷர் என்று மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். அவர் சொன்ன பொய்யைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று காதால் கேட்டவள் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

என் பேர் அம்சவள்ளி. பிறந்தது பிரம்மதேசத்தில், மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, போடுகிற குடும்பம். எங்கள் ஊரில் காலில் ஒரு முள் குத்தினால் போதும், தெருவே கூடுகிற மாதிரி கத்துவோம். கத்தினால்தானே யாராவது வந்து பிடுங்கிவிடுவார்கள்? கல்யாணமாகி நான் வந்து சேர்ந்த உப்பளத்துத் தெருவில் அந்தப் பழக்கமே கிடையாது. இங்கே யார் காலைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "நல்லா இருக்குது." காலில் ரத்தம் வழிந்துகொண்டிருக்கும், நல்லா இருக்குது. வெடிப்புக்குள் சுண்டு விரலே நுழையும், நல்லா இருக்குது. வந்த புதிதில் எனக்கு, இந்த ஜனங்களுக்கு நிஜமாகவே ஏதோ கல்லுக் கால் போலிருக்கிறது என்று தோன்றியது. அவ்வளவு மடச்சியாக இருந்திருக்கிறேன்.

நான் உப்பளத்தில் கால் வைத்ததில்லை. இரண்டு மாடு வைத்திருக்கிறேன், டீக்கடைகளுக்குப் பால் ஊற்றுகிறேன். அதனால் உப்பள மேஸ்திரி சுப்ராயனுக்கு நான் பயப்பட வேண்டிய அவசியம் வரவில்லை. சொல்லப்போனால், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அவர் ஒருமுறை சொல்லிவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து, என்னைப் பார்த்தால் அவர்தான் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

என் வீட்டுக்காரர் கதை வேறு. மீசை முளைப்பதற்கு முன்னாலேயே பாத்தியில் இறங்கியவர். நாள் முழுக்க உப்புத்தண்ணீரில் நின்று பலகை போட்டு உப்பு வாருகிற வேலை. உப்புக் கட்டி உள்ளங்காலைக் கீறும். கீறின இடத்தில் மறுபடியும் உப்புத்தண்ணீர். எந்தப் புண் ஆறும்? இரண்டு காலிலும் பெருவிரலுக்குக் கீழே குழிப்புண். அதிலும் வலது கால் நாற்றமே எடுக்க ஆரம்பித்துவிட்டது. "வேப்பிலை வெச்சிக் கட்டினா சரியாப்பூடும்" என்பார். இத்தனை வருஷமாகக் கட்டிய வேப்பிலைக்கு ஒரு தோப்பே மொட்டையாகியிருக்கும்.

சுனாமியில் கடல் உள்ளே வந்துபோனதற்கு அடுத்த வருஷம் அது. எங்கே பார்த்தாலும் டாக்டர்கள் வண்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். மீனவர் தெருக்களுக்குப் போன வண்டியில் ஒன்று வழி மாறி உப்பளத்துப் பக்கமும் வந்தது. புதுச்சேரிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் முகாம். காலைப் பார்த்த டாக்டர் மூக்கைப் பிடிக்காமல் பார்த்தார், அதற்கே எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது, ஆபரேஷன் பண்ணி அழுகினதைச் சுரண்டி எடுக்க வேண்டும், முதலில் வலது கால், அது ஆறினதும் இடது கால் என்றார். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பாதத்தையே எடுக்க வேண்டி வரும்மா" என்றார்.

இவரை மாதிரி ஆபரேஷன் எழுதிக் கொடுத்திருந்த மற்ற உப்பளத்து ஆட்களுக்கும் சேர்த்து முதலாளி ராஜவேல் வேன் ஏற்பாடு பண்ணிக் கொடுத்தார். கால் போன ஆளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கூடவே சுப்ராயன் மேஸ்திரியையும் அனுப்பினார். வேன் பெரிய முதலியார்சாவடியில் டீக்கு நின்றபோது ஆண்களில் ஒருவரும் இறங்கவில்லை. மேஸ்திரி இறங்கின பிறகுதான் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அப்போதே எனக்கு ஏதோ உறுத்தியது.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்துக்கொண்டவர் ஷாலினி என்று ஒரு மயக்க மருந்து டாக்டர். சின்ன வயசு. சிரித்த முகம். கட்டில் கட்டிலாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவார். அவரைத் திட்டவும் மனசு வராது, திட்டாமல் இருக்கவும் முடியாது, அந்த மாதிரி ஒரு பெண்.

"ஐயா, உங்க பாதத்துக்குப் போற நரம்பு முட்டிக்குப் பின்னாடி இருக்கு. அங்க ஊசி போட்டா பாதம் மட்டும் மரத்துப்போயிடும். நீங்க முழிச்சிட்டுதான் இருப்பீங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "இந்த மருந்துல ரெண்டு வெச்சிருக்கோம். ஒண்ணு கெட்டி, ஒண்ணு லேசு. யாருக்கு எது போடுறாங்கன்னு எனக்கே தெரியாது. லேசு மருந்தே போதும்னா அது உடம்புக்கும் நல்லது, சீக்கிரம் நடக்கலாம். போதுமான்னு பாக்குறதுதான் எங்க ஆராய்ச்சி. உங்களுக்குச் சம்மதமா?"

என் வீட்டுக்காரர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தலையை ஆட்டினார். இவர் சம்மதம் என்றார்.

அப்புறம் டாக்டர் ஒரு அட்டையை எடுத்தார். அதில் வரிசையாக மூஞ்சிகள் வரைந்திருந்தன. முதல் மூஞ்சி சிரிக்கிறது. போகப்போகச் சுருங்கி, கடைசி மூஞ்சி கண்ணீர் விட்டு அழுகிறது. கீழே பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் நம்பர்.

"நான் வந்து கேக்கும்போதெல்லாம் எவ்ளோ வலின்னு இதுல தொட்டுக் காட்டணும். நாலுக்கு மேல போனா உடனே வேற மருந்து தருவோம். தயங்கக் கூடாது, சரியா?"

எனக்குத் திருப்தியாக இருந்தது. எவ்வளவு வலிக்கிறது என்று உட்கார்ந்து கேட்கிற டாக்டரை நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை.

வலது கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் முழுக்க என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். "ஏய், இந்தக் காலு என்துதானா பாரு, கிள்ளு" என்று சொல்லிச் சிரித்தார். கிள்ளினேன். அவருக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில் குழந்தைசாமி, அவரும் எங்கள் உப்பளத்து ஆள்தான், தன் காலையும் கிள்ளச் சொன்னார். போய்யா என்றேன்.

சாயங்காலம் மரப்பு விட்டது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. உதடு வெளுத்தது. தோள் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. குழந்தைசாமி போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டு உள்ளே விசும்புகிற சத்தம் கேட்டது.

"வலிக்குதா?" என்றேன்.

தலையை மட்டும் ஆட்டினார்.

"டாக்டரம்மா வர்றாங்க. சொல்லு. மருந்து குடுப்பாங்க."

டாக்டர் வந்தார். பின்னாலேயே சுப்ராயன் மேஸ்திரி. இவர் எங்கே வந்தார் என்று பார்த்தேன். டாக்டர்தான் கூட்டி வந்திருக்கிறார். "தெரிஞ்ச முகம் பக்கத்துல இருந்தா இவங்க பயப்படாம பேசுவாங்கல்ல" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே வந்தார். படித்த பெண்ணின் யோசனையைப் பாருங்கள்!

மேஸ்திரி கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னா கன்னியப்பா, கால் எப்படி?"

என் வீட்டுக்காரர் வாயிலிருந்த துண்டை எடுத்துப் போர்வைக்குள் ஒளித்தார். முதுகை நிமிர்த்தினார்.

"நல்லா இருக்குதுங்க."

டாக்டர் அட்டையை நீட்டினார். இவர் விரல் நேராகப் போய்ச் சிரிக்கிற மூஞ்சி மேல் நின்றது.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. "பொய் சொல்றாரு டாக்டரம்மா! துண்டைக் கடிச்சிக் கடிச்சி ஓட்டையாக்கி வெச்சிருக்காரு, போர்வையைத் தூக்கிப் பாருங்க!" என்று கத்தினேன்.

"ஏய், சும்மா இரு" என்றார் என் வீட்டுக்காரர்.

மேஸ்திரி சிரித்தார். "அந்தம்மா பிரம்மதேசத்துப் பொண்ணு மேடம். அப்படித்தான் சத்தம் போடும்."

டாக்டர் என் தோளைத் தொட்டார். "அம்மா, வலி எவ்ளோன்னு அவங்கவங்களுக்குத்தான் தெரியும். கூட இருக்கிறவங்க சொல்றதை நாங்க எடுத்துக்கக் கூடாது. அவரையேதான் கேக்கணும்."

நல்ல நியாயம்தான். வலிக்கிறவனை விட்டுவிட்டு வேறு யாரையாவது கேட்டால் அதற்கும் நான் கத்தியிருப்பேன். அடுத்த கட்டிலில் குழந்தைசாமி போர்வையை விலக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஸ்திரி கேட்பதற்கு முன்னாலேயே "நல்லா இருக்குதுங்க" என்றார். அவரும் அதே சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டார். அதற்கடுத்த கட்டிலிலும் அதேதான். டாக்டர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி எழுதிக்கொண்டு போனார். அன்றைக்கு எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் கூடுதலாக ஒரு சொட்டு மருந்து ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வைத்துக்கொண்டேன் சண்டையை.

"வாய் இல்ல உனக்கு? நாக்க உப்பு அரிச்சிடுச்சா? அந்தப் பொண்ணு அட்டையை நீட்டி நீட்டிக் கேக்குது, நீ பல்லை இளிக்கிற மூஞ்சியைக் காட்டுற!"

அவர் மெதுவாகச் சொன்னார். "உனக்குத் தெரியாதுடி. தினம் காலைல எங்களை வரப்புல வரிசையா நிக்க வெச்சித்தான் மேஸ்திரி வேலைக்கு அனுப்புவாரு. ஒவ்வொருத்தனா 'கால் எப்படி?'ன்னு கேப்பாரு. நல்லா இருக்குதுன்னா பாத்தில இறங்கலாம். வலிக்குதுன்னு சொன்னா, 'அப்ப ரெஸ்ட் எடுப்பா'ன்னு சொல்லிட்டு அந்தப் பாத்திக்கு வேற ஆளை விட்டுடுவாரு. தேசப்பன் அப்படித்தான் கொஞ்சம் எரியுதுன்னு சொன்னான். இன்னும் ரெஸ்ட்லதான் இருக்கறான்."

"அது வரப்பு. இது ஆஸ்பத்திரி."

"மேஸ்திரி அதே மேஸ்திரிதானே?"

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. எனக்கு வாய் அடைப்பது ரொம்ப அபூர்வம். எங்கள் தெருவில் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. "இன்னொண்ணு சொல்லிட்றேன். இடது கால் ஆபரேஷனுக்கு நான் வரமாட்டேன். அந்த மாதிரி வலியை இன்னொரு தபா என்னால தாங்க முடியாது. அழுகிப்போனா போவட்டும்."

"பாதத்தையே எடுத்துடுவாங்க, தெரியுமா?"

"எடுக்கட்டும். எடுத்தா அப்புறம் வலிக்காதில்ல."

இப்படிப் பேசுகிற ஆளை என்ன செய்வது? அடிக்கலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று தெரியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று எழுந்து போய்த் தொட்டியடியில் நின்று அழுதேன்.

கட்டுப் பிரிக்கப் போன அன்றைக்கு டாக்டர் ஷாலினி முகமெல்லாம் மலர்ச்சியாக இருந்தார். புண் நன்றாக ஆறி வருகிறது என்றார். அப்புறம் அவரே சந்தோஷமாகச் சொன்னார். "அம்மா, உங்க ஊர்க்காரங்களைப் பத்தி எங்க புரொபசருக்கே ஆச்சரியம். கெட்டி மருந்து போட்டவங்களுக்கும் லேசு மருந்து போட்டவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. எல்லாரும் பூஜ்யம், ஒண்ணு, அவ்ளோதான். உப்புலயே நின்னு நின்னு இவங்க பாதத்துக்கு வலி தெரியறதே குறைஞ்சிடுச்சோன்னு நினைக்கிறோம். இனிமே உப்பளத்துக்காரங்களுக்கு லேசு மருந்துதான். அடுத்து அதையும் பாதியாக்கிப் பாக்கப்போறோம்."

எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது. பாதியாக்கிப் பார்க்கிறார்களாம்! தோசை மாவா இது, தண்ணீர் விட்டு விட்டு இளக்குவதற்கு?

"இன்னா டாக்டரம்மா பேசுறீங்க? கல்லுல செஞ்ச காலா இது? வலி தெரியாதுன்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

"அவங்களேதாம்மா சொன்னாங்க."

"மேஸ்திரி முன்னாடி கேட்டா அப்படித்தான் சொல்வாங்க! அவரை வெளிய அனுப்பிட்டுக் கேட்டீங்களா?" வரப்பில் நடப்பதை எல்லாம் அவரிடம் கொட்டினேன். எங்களை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னேன். ஆராய்ச்சியில் இல்லாவிட்டாலும் இனிமேல் அதே மருந்துதான் என்றார்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. என் வீட்டுக்காரரையும் என்னையும் மட்டும் தனியாக ஒரு அறைக்குக் கூட்டிப் போனார். கதவைச் சாத்தினார். "ஐயா, இப்ப யாருமே இல்ல. அன்னைக்கு சாயங்காலம் நெஜமா எவ்ளோ வலி இருந்தது?"

அறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். நான் கும்பிடாத சாமி இல்லை.

என் வீட்டுக்காரர் கதவைப் பார்த்தார். கதவுக்கு அந்தப்பக்கம், வராந்தா பெஞ்சில், மேஸ்திரி இருமுகிற சத்தம் கேட்டது.

"நல்லா இருந்ததுங்க" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். பாவம் இந்தப் பொம்பளை என்பது மாதிரி ஒரு பார்வை. எனக்கு அந்த மனுஷரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன்யா, கதவுதான் சாத்தியிருந்ததே?" அதற்கு அவர், "டாக்டரம்மா எது சொல்றதா இருந்தாலும் மேஸ்திரிகிட்டதான் சொல்றாங்க. இதையும் சொல்லமாட்டாங்கன்னு இன்னா நிச்சயம்?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. எப்போது வர வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், எல்லாவற்றையும் டாக்டர் மேஸ்திரியைக் கூப்பிட்டுத்தான் சொல்லியிருந்தார்.

இடது காலுக்கு நாள் குறித்துவிட்டார்கள். வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மாடுகளை ஓட்டிக்கொண்டு பிரம்மதேசத்துக்கே போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்றேன். சும்மா மிரட்டவில்லை, மாட்டை அவிழ்த்தே விட்டேன். அதற்கப்புறம்தான் சட்டையைப் போட்டுக்கொண்டார். வேனில் அவர் என்னோடு பேசவில்லை. கை மட்டும் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தது.

அன்றைக்கு வேனில் மேஸ்திரி முன் சீட்டில் உட்காரவில்லை. எங்களோடு பின்னால் உட்கார்ந்திருந்தார். எப்போதும் கேன்வாஸ் ஷூ போடுகிறவர். அதை ஸ்டைல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு ஒரு கால் ஷூவைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். குதிகாலில் இவரைவிட மோசமான புண். அவரும் மேஸ்திரி ஆவதற்கு முன்னால் பாத்தியில் நின்றவர்தானே. முகாம் டாக்டர் அவருக்கும் ஆபரேஷன் எழுதியிருந்தாராம், ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

காலையில் முதல் ஆபரேஷன் அவருக்குத்தான். பாதியாக்கின அந்த மருந்துதான் அவருக்கும். கொண்டுவந்து எங்களுக்கு எதிர்க் கட்டிலில் படுக்க வைத்தார்கள். இவருக்கு மத்தியானத்துக்கு மேல். பச்சை அங்கியைப் போட்டுவிட்டு உட்கார வைத்திருந்தார்கள். வெட்டக் கொண்டுபோகிற ஆட்டுக்கும் அவருக்கும் முகத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே மேஸ்திரிக்கு மரப்பு விட ஆரம்பித்துவிட்டது. எனக்குத் தெரிந்தது, அந்த அடையாளமெல்லாம் எனக்கு மனப்பாடம். உதடு வெளுத்தது. தலையணையில் வேர்வை ஊறியது. நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்வானேன்? கட்டையில போறவனே, எத்தனை பேர் காலை நல்லா இருக்க வைத்தாய், இப்போது அனுபவி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவர் பிள்ளை கொண்டுவந்த இட்லியை வாங்கி வைத்தேன்.

அப்போதுதான் முதலாளி ராஜவேல் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். வேறு வேலையாகப் புதுச்சேரி வந்தவர் அப்படியே எட்டிப் பார்க்க வந்திருக்கிறார். டாக்டர் ஷாலினியும் அட்டையோடு கூடவே வந்தார். முதலாளி கட்டிலின் கால்மாட்டில் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னா சுப்ராயா, கால் எப்படி?"

அதே வார்த்தை. அதே குரல். மேஸ்திரிக்கு இது எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மேஸ்திரி படுக்கையிலிருந்து எழுந்தார். எழுந்து உட்கார்ந்தது மட்டுமல்ல, கட்டுப் போட்ட காலைத் தரையில் ஊன்றி நிற்கப் பார்த்தார். முதலாளி நிற்கும்போது எப்படிப் படுத்திருப்பது? கால் தரையில் பட்டதும் அவர் முகமே கோணிப்போனது. டாக்டர் ஓடி வந்து தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்.

"நல்லா இருக்குதுங்க முதலாளி" என்றார் மேஸ்திரி. ஒரு கை கட்டில் கம்பியை நெரித்துக்கொண்டிருந்தது. இன்னொரு கை, டாக்டர் நீட்டின அட்டையில் சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டது.

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பதற்காகத்தான் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வரவில்லை. வந்தது வேறு. எழுந்து போய் டாக்டர் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கினேன்.

"டாக்டரம்மா, உங்க கண்ணு எதுக்கு இருக்குது? அட்டையைப் பாக்குறீங்களே, அந்த ஆள் மூஞ்சியைப் பாருங்க! இது சிரிக்கிற மூஞ்சியா?" திரும்பி முதலாளியைப் பார்த்தேன். "நீங்க வெளிய போங்க."

"யார் இந்தப் பொம்பள?" என்றார் முதலாளி.

"கன்னியப்பன் பொண்டாட்டி. பால்காரி. உங்ககிட்ட கூலி வாங்காதவ. வெளிய போங்க."

"அம்சவள்ளி!" என்று என் வீட்டுக்காரர் பதறினார்.

டாக்டருக்கு என்மேல் கோபம் வந்தது முகத்தில் தெரிந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவர் விரல் தானாக மேஸ்திரியின் மணிக்கட்டுக்குப் போய் நாடியைப் பிடித்திருந்தது. அப்படியே நின்றார். தலையணையைத் தொட்டுப் பார்த்தார். கை நனைந்தது. கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் முதலாளியிடம். "வராந்தாவுல வேணாம். கீழ போயிடுங்க."

முதலாளி முகம் கறுத்துப்போய் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். படியிறங்குகிற செருப்புச் சத்தம் அடங்கும் வரைக்கும் டாக்டர் பேசவில்லை. அப்புறம் அட்டையை என்னிடமிருந்து வாங்கி மேஸ்திரி மடியில் வைத்தார். "இப்ப சொல்லுங்க."

மேஸ்திரி முதலாளி போன படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ தினம் கேக்குற கேள்விதான் மேஸ்திரி" என்றேன். "உன்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் நெஜத்தைச் சொன்னதில்ல. நீயாவது சொல்லித் தொலை."

அவர் விரல் சிரிக்கிற மூஞ்சியிலிருந்து நகர்ந்தது. ஒவ்வொரு மூஞ்சியாகத் தாண்டியது. கடைசியில் அழுகிற மூஞ்சி மேல் போய் நின்றது. அங்கேயே அழுத்திக்கொண்டிருந்தது. அந்த ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதார். மருந்து ஏற்றச் சொல்லி டாக்டர் நர்ஸை விரட்டினார்.

மருந்து ஏறின பிறகும் டாக்டர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

"அப்ப மத்தவங்க எல்லாரும்?" என்று என்னைக் கேட்டார்.

"நான்தான் அன்னைக்கே கத்தினேனே! பொம்பள கத்தினா காதுல ஏறுமா உங்களுக்கு?"

"ரிசல்ட்டை அனுப்பிட்டோம்மா. வேற ஆஸ்பத்திரிக்காரங்க எல்லாம் படிப்பாங்க."

"படிச்சிட்டு? அவங்களும் எங்க ஜனங்களுக்குப் பாதி மருந்து போடுவாங்களா? நாளைக்கு வேற எந்த உப்பளத்துல எவன் துண்டைக் கடிச்சிக்கினு கிடக்கணும்? திருப்பி வாங்குங்க! தப்புன்னு எழுதுங்க!"

அந்தப் பெண் வராந்தாவில் போய்ப் போன் பேசினார். "இல்ல சார்... நம்பர் எல்லாமே தப்பு சார்... தப்பு நம்மளுதுதான் சார், மேஸ்திரியை நான்தான் பக்கத்துல நிக்க வெச்சேன்... மறுபடி ஒவ்வொருத்தர் வீடா போய்க் கேக்கணும் சார்." அந்தப் பக்கம் யாரோ கத்துகிற சத்தம் எனக்கே கேட்டது. திரும்பி வந்தபோது டாக்டரின் கண் சிவந்திருந்தது. என் வீட்டுக்காரரிடம் வந்து, "ஐயா, உங்களுக்கு கெட்டி மருந்துதான். நானே போடுறேன்" என்றார்.

எதிர்க் கட்டிலில் மேஸ்திரிக்கு மருந்தில் கண் சொருகிக்கொண்டிருந்தது. இழுத்து இழுத்துப் பேசினார். "கன்னியப்பா... அந்தம்மா கேட்டா நெஜத்தைச் சொல்லிடுடா. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

இவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாராம்! என் புருஷன் காலில் இருக்கிற வலியைச் சொல்ல இவருடைய பர்மிஷன்! ஓங்கி ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்ததைப் பார்த்துவிட்டேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்தது. இந்தமுறை சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகும் கால் மரத்தே இருந்தது. சோறு சாப்பிட்டார். தூங்கினார். மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் மெதுவாக முகம் சுளிக்க ஆரம்பித்தது. துண்டைத் தேடிக் கை போனது. துண்டை எடுத்து நான் ஒளித்து வைத்திருந்தேன்.

டாக்டர் தனியாக வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அட்டையை அவர் கையிலேயே கொடுத்தார்.

"ஐயா, எவ்ளோ?"

என் வீட்டுக்காரர் எதிர்க் கட்டிலைப் பார்த்தார். மேஸ்திரி தூங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். சிரிக்கிற மூஞ்சி மேல் கட்டை விரலை வைத்து மறைத்துக்கொண்டார்.

"ஆறு" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கோயில் மணி அடித்த மாதிரி இருந்தது. டாக்டர் சட்டென்று எழுந்து நர்ஸைக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் எட்டி அவருடைய வெள்ளைக் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, ஆறுன்னு சொல்லிட்டேன்னு தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார். "திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுவேங்க. என் பாத்தியை வேற ஆளுக்குக் குடுத்துட வேணாம்னு மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."